செவ்வாய்க்கிழமை வயிற்றுவலி

"அவனுக்கு என்ன தெரியும் மேடம், சின்னப் பிள்ளை" என்று அப்பத்தா சொன்னபோது, பையன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். ஏழு வயது. வயிற்றுவலிக்குக் காரைக்குடியில் இரண்டு டாக்டர்களிடம் காட்டி, ஸ்கேனும் எடுத்தாயிற்று. ஒன்றும் இல்லை. அப்புறம்தான் மனநல ஆலோசகரான என்னிடம் வந்தார்கள். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

வலி வரும் நாளைக் குறித்துவரச் சொன்னேன். மூன்று வாரமும் செவ்வாய்க்கிழமை. அன்று காலையில்தான் குழுக்கடன் வசூலுக்கு ஆள் வருவார். அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை போய், பணம் வருவது நின்றிருந்தது. பழைய செட்டிநாட்டு வீடொன்றின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். பைக் சத்தம் கேட்டதும், அவ்வளவு நீள வீட்டைத் தாண்டி முகப்புக்குப் போய், "அம்மா ஊருக்குப் போயிருக்காக" என்று சொல்ல வேண்டியது இவன் வேலை.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பயம் என்றாவது வந்து போனால் பிள்ளையின் உடம்பு தாங்கிக்கொள்ளும். ஓயாமல் இருந்தால், பதற்றத்தில் சுரக்கும் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் தணியாமல் தூக்கம், செரிமானம், கவனம், ஞாபகம் எல்லாம் கெடும். சிறுவயதுக் கஷ்டங்கள் கூடக்கூட, வளர்ந்த பின் மனச்சோர்வும் இதயநோயும் கூடுதலாக இருப்பதை 1998இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது.

இப்படிப்பட்ட பயத்தில் சில பிள்ளைகள், படுக்கையை நனைப்பதை நிறுத்திய பிறகும் மறுபடி நனைப்பார்கள், சிலர் அடம்பிடிப்பார்கள். எனக்கு அதிகக் கவலை தருவது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு, எதையும் கேட்காத "பொறுப்பான" அக்காக்கள்தான். அவர்களை யாரும் கூட்டிவருவதே இல்லை.

மூன்றாவது தடவை பையன் வாய் திறந்தான். "நான் சைக்கிள் கேட்டேன்ல, அதான் அப்பா பேசமாட்டேங்கிறாக." யாரும் சொல்லாததால், காரணத்தை அவனே கண்டுபிடித்து வைத்திருந்தான்.

அன்றே அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லச் சொன்னேன்: "அப்பாவுக்கு வேலை போயிருச்சு. கடன் இருக்கு. பெரியவங்க நாங்க பாத்துக்குவோம். உன்னால வந்தது இல்ல." கடைசி வரியை அவன் திரும்பக் கேட்டான். அம்மா இன்னொரு முறை சொன்னார்.

அடுத்த செவ்வாயிலிருந்து அம்மாவே வாசலுக்குப் போய் அவகாசம் கேட்கிறார். கடன் தீரவில்லை. வலி அதற்குப் பிறகும் இரண்டு தடவை வந்தது. ஆனால் ராத்திரி தூங்குகிறான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருந்தால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பிள்ளைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.