இன்சுலின்: திட்டில் பிறந்த சொல்

ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் சுரப்பான 'இன்சுலின்' என்ற சொல்லின் வேர், இலத்தீனில் தீவைக் குறிக்கும் 'இன்சுலா'. 1869இல் கணையத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்த ஜெர்மானிய மருத்துவ மாணவர் பவுல் லாங்கர்ஹான்ஸ், சுற்றியுள்ள திசுவினின்று வேறுபட்டுச் சிறு கூட்டங்களாகக் கிடந்த செல்களைக் கண்டார். பிற்பாடு அவை அவர் பெயராலேயே தீவுகள் எனப்பட்டன; அவற்றின் சுரப்புக்கு 1909இல் பெல்ஜியத்தின் ழான் தெ மேயர் இப்பெயரைச் சூட்டினார். சுரப்பு டொராண்டோவில் பிரித்தெடுக்கப்பட்டதோ 1921இல். குழந்தை பிறக்குமுன்பே பெயர் வைத்தாயிற்று.

நம் பாடநூல்கள் அவற்றை 'லாங்கர்ஹான் திட்டுகள்' என்கின்றன. இராமநாதபுரக் கரையில் வாழ்வோருக்கு இது விளக்கமே வேண்டாத சொல்: தனுஷ்கோடி முனைக்கு அப்பால், தலைமன்னாரை நோக்கி, நீருக்கு மேல் தலைகாட்டிக் கிடக்கும் மணல்மேடுகள் திட்டுகள்; மண்டபத்துக்கு எதிரே மரஞ்செடியோடு நிற்கும் முயல்தீவு போன்றவை தீவுகள். கணையத்தில் சிதறிக் கிடப்பவற்றுக்குத் திட்டு என்பதே பொருந்தும்.

முதல் வகை நீரிழிவில், உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே தவறிப்போய் அத்திட்டுகளில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. பிள்ளைக்குக் கருப்பட்டி அதிகம் கொடுத்துவிட்டோமோ என்று தாய் தன்னையே நொந்துகொள்ள வைப்பது 'சர்க்கரை வியாதி' என்னும் பெயர்தான். இனிப்பு இதற்குக் காரணமன்று. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், திடீர் மெலிவு ஆகியவற்றோடு ரத்தச் சர்க்கரை எந்நேரத்தில் பார்த்தாலும் டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு எனக் கொள்வர். எந்த வகை என்று பிரித்தறிய, திட்டுகளைத் தாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் உள்ளதா என்று பார்க்கும் சோதனையும், உடல் தானே எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைடு சோதனையும் உதவும்.

முதல் வகையினருக்கு மாத்திரை போதாது. வெளியிலிருந்து இன்சுலின் நாள்தோறும் செலுத்தப்பட வேண்டும். திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும் என்பதற்காக அதை மீன் பெட்டியின் ஐஸுக்குள் புதைத்தால் மருந்து உறைந்து கெடும். உருகிய பிறகும் அது பயன்படாது.

இன்சுலினைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'கணையநீர்' என்று எழுதுவது பிழை, ஏனெனில் அது குடலில் கலக்கும் செரிமான நீரின் பெயர். 'திட்டுச்சுரப்பு' அழகான சொல்தான், ஆயினும் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககானும் அதே திட்டுகளில் சுரப்பதால் குழப்பம் நேரும். மருந்துக்கடையில் பெயர் தவறினால் ஆபத்து. ஆகவே இன்சுலின் என்றே இருக்கட்டும். அதன் ஒலியும் தமிழுக்குப் புதிதன்று: னகர மெய்யை அடுத்துச் சகரம் வருவது, வானம் பார்த்த இம்மாவட்டத்தின் புன்செய்யிலேயே உள்ளதுதான்.