சிபிராக்: சொல் விளக்கம்

சிபிராக் (பன்மை: சிபிராட்ஸி) ஒரு போலிஷ் சொல். ரஷ்ய ஆட்சியோ சோவியத் ஆட்சியோ சைபீரியப் பக்கம் பிடித்துக்கொண்டுபோன போலந்துக்காரர் என்று பொருள்.

வேர் ‘சிபிர்’. வரைபடத்தில் உள்ள நிலப்பகுதிக்குப் போலிஷில் ‘சிபெரியா’ என்று தனிப் பெயர் உண்டு. ‘சிபிர்’ என்றால் தண்டனை இடம். ரஷ்ய ஆட்சியை எதிர்த்துப் போலந்துக்காரர்கள் செய்த 1830, 1863 கிளர்ச்சிகளை அடக்கிய ஜார் ஆட்சி ஆயிரக்கணக்கானோரை அங்கே அனுப்பியபோது இந்தப் பொருள் ஊன்றிவிட்டது. ரஷ்யர்களிடமும் ‘சிபிர்யாக்’ உண்டு. ஆனால் அது சைபீரியாவில் பிறந்து வளர்ந்தவர் பெருமையோடு சொல்லிக்கொள்வது.

இன்று போலந்தில் இச்சொல்லைக் கேட்டால் 1940-தான் நினைவுக்கு வரும். 1939 செப்டம்பர் 17 அன்று சோவியத் படை கிழக்குப் போலந்துக்குள் நுழைந்தது. 1940 பிப்ரவரி 10, கடுங்குளிர். விடியுமுன் கதவைத் தட்டினார்கள். மூட்டை கட்ட அரை மணி, மிஞ்சினால் ஓரிரு மணி நேரம். அப்புறம் சரக்கு ரயில் பெட்டி: பலகைத் தட்டு, ஒரு இரும்பு அடுப்பு, மலம் கழிக்கத் தரையில் ஒரு ஓட்டை. முதல் அலையில் போனவர்கள் நிலம் பெற்றுக் குடியேறிய முன்னாள் படைவீரர்களும் வனக்காவலர்களும், குடும்பத்தோடு. ஏப்ரலில், ஏற்கெனவே கைதாகியிருந்தவர்களின் மனைவி மக்கள் முறை. ‘காத்தின்’ என்ற இடத்தின் பெயரால் அறியப்படும் படுகொலையில் போலந்து ராணுவ அதிகாரிகளைச் சோவியத் ரகசியப் போலீஸ் சுட்டுக்கொண்டிருந்த அதே வாரங்களில் அவர்களுடைய குடும்பங்கள் கஜகஸ்தானுக்கு ரயில் ஏறின. அங்கே மரமில்லாத புல்வெளியில் சாணம் பொறுக்கி வரட்டி தட்டித்தான் குளிர்காய வேண்டும். ஜூனில் அகதிகள், பெரும்பாலும் யூதர்கள். 1941-இல் நான்காவது அலை. சோவியத் ஆவணங்களின்படி மொத்தம் சுமார் 3,20,000 பேர். அந்தக் காலத்துப் போலந்து மதிப்பீடுகள் இதைவிடப் பல மடங்கு அதிகம்.

1941-இல் ஹிட்லர் சோவியத்தைத் தாக்கியதும் இவர்களுக்குப் ‘பொதுமன்னிப்பு’ வழங்கப்பட்டது. என்ன குற்றத்துக்கு என்று கேட்காதீர்கள். ஈரான் வழியே வெளியேறிய சிலருக்கு ஜாம்நகர் அருகே பாலாச்சடியிலும் கோலாப்பூர் அருகே வளிவடேயிலும் இடம் கிடைத்தது.

போருக்குப் பின் வந்த கம்யூனிச ஆட்சியில் இதைப் பொதுவில் பேச முடியாது. 1928-இல் தொடங்கிய சிபிராக் சங்கம் மறுபடி உயிர்பெற்றது 1988-இல்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘புலம்பெயர்ந்தோர்’ பொருந்தாது, தாமாகப் போனவர்போல ஆகிவிடும். ‘நாடுகடத்தப்பட்டோர்’ புழக்கத்தில் உள்ளது, ஆனால் முழுக்கச் சரியல்ல. 1939 நவம்பரிலேயே கிழக்குப் போலந்துப் பகுதிகளை மாஸ்கோ தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதன் கணக்கில் இவர்கள் ஒரே நாட்டுக்குள் இடம் மாற்றப்பட்டவர்கள். நம் பழைய ‘தீவாந்தரம்’ அழகாக நெருங்கி வருகிறது. அதுவும் இடத்தைக் குறித்துப் பிறகு தண்டனைக்குப் பெயரானதுதான். ஆனால் தீவாந்தர தண்டனைக்கு நீதிமன்றமும் தீர்ப்பும் உண்டு. இங்கே இருந்தது பெயர்ப்பட்டியல் மட்டும்.

என் தேர்வு ‘குடிபெயர்க்கப்பட்டோர்’. பெயர்தல் தானாக நடப்பது, பெயர்த்தல் பிறர் செய்வது. முதலில் ‘சிபிராக்’ என்றே எழுதி, பக்கத்தில் இதைச் சேர்த்துவிடலாம். ‘சைபீரியக் கைதி’ மட்டும் வேண்டாம். இவர்களில் பலர் கைக்குழந்தைகள், பலர் சைபீரியாவைப் பார்த்ததே இல்லை.