கவர் பாட்டும் வழிப்பாடலும்

என் தங்கை மகன் ஒரு டெத் மெட்டல் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறான். உறுமல் குரலும் இரைச்சல் கித்தாருமான ராக் இசை அது. தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றில், மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் ஜாமிங் ஸ்டூடியோவில் பயிற்சி. போன மாதம் கேட்டான்: "மாமா, நாங்க ஒரு கவர் ஆல்பம் பண்றோம். போஸ்டர்ல தமிழும் போடணும். கவருக்குத் தமிழ்ல என்ன?"

மின்தூக்கி, கூட்டுரிமை வீடு, பெருவிரைவு ரயில் என்று எதற்கும் ஒரு சொல் கைவசம் வைத்திருக்கும் ஊர் சிங்கப்பூர். இதற்கு மட்டும் எனக்குச் சட்டென்று வாயில் வரவில்லை.

கவர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கல்யாணத்தில் மொய் வைத்துக் கொடுக்கும் உறை. இசையில் அதற்குப் பொருள் வேறு. ஒருவர் பாடி வெளியிட்ட பாட்டை இன்னொருவர் தானே வாசித்துப் பாடிப் புதிதாகப் பதிவதுதான் கவர். பழைய ஒலிப்பதிவிலிருந்து ஒரு நொடிகூட எடுப்பதில்லை. எடுத்தால் அது ரீமிக்ஸ் அல்லது சாம்பிள்.

ஆங்கிலச் சொல்லுக்கு வேர் லத்தீன். முழுக்க மூடுதல் என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதைப் பாட்டோடு ஒட்டவைத்தவர்கள் அமெரிக்க இசைத்தட்டு வியாபாரிகள். 1940, 50களில் ஒரு நிறுவனத்தின் பாட்டு ஓடும்போல் தெரிந்தால், போட்டி நிறுவனம் அதே பாட்டைத் தன் பாடகரை வைத்து அவசரமாகப் பதிந்து கடைக்கு அனுப்பும். கறுப்பினக் கலைஞர்களின் பாட்டுகள் இப்படித்தான் வெள்ளைப் பாடகர்களின் குரலில் வானொலிக்குப் போயின. லிட்டில் ரிச்சர்டின் 'டுட்டி ஃப்ருட்டி' 1955இல் வந்தது. சில மாதங்களில் வெள்ளைப் பாடகர் பாட் பூன் அதையே பாடி, பாப் பட்டியலில் அவரைவிட மேலே போய்விட்டார்.

இங்கே தமிழ்க் 'கவர்' வந்து குறுக்கே நிற்கிறது. கவர்தல் என்றால் பறித்தல், எடுத்துக்கொள்ளுதல். கனி இருக்கக் காய் கவர்வதைப் பற்றிக் குறள் பேசுகிறதே, அந்தக் கவர். பாட் பூன் கதைக்கு அச்சாகப் பொருந்துகிறது. இன்னொரு கவரும் உண்டு: கவர்த்த வழி என்றால் இரண்டாகப் பிரியும் பாதை. ஒலி ஒற்றுமை வெறும் தற்செயல்தான். கவர் தமிழிலிருந்து போனது என்று யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டாம்.

ஆனால் மருமகன் குழு செய்வது கவர்தல் இல்லை. டெத், பிளாக், கிரைண்ட்கோர் என்ற முரட்டு வகைகள் எல்லாவற்றையும் சேர்த்து எக்ஸ்ட்ரீம் மெட்டல் என்பார்கள். 1992இல் தொடங்கிய நம் ஊர் ருத்ரா குழு சமஸ்கிருத சுலோகங்களைக் கலந்து வாசிப்பதும் இந்த வகைதான். கித்தார் சுருதியைக் கீழே இறக்கி, டிரம்ஸில் பிளாஸ்ட் பீட் என்ற இடைவிடாத அதிவேகத் தட்டலை விட்டு, குரலை உறுமலாக மாற்றினால் பாடகரின் மெட்டு காணாமல் போய்விடும். நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று போட்டிருக்கும். அங்கே மெட்டு அப்படியே இருக்கும், வார்த்தை மாறும். இங்கே வார்த்தை அப்படியே இருக்கும், மற்றதெல்லாம் மாறும். (அந்த வார்த்தையும் காதில் விழுந்தால்தானே!)

இருந்தாலும் யார் பாட்டு என்பதை மறைப்பதே இல்லை. பிரிட்டனின் கிரைண்ட்கோர் குழுவான நேபாம் டெத், தங்களை உருவாக்கிய குழுக்களின் பாட்டுகளை 1999இலும் 2004இலும் 'லீடர்ஸ் நாட் ஃபாலோவர்ஸ்' என்ற தலைப்பில் பதிந்தது. அமெரிக்க டெத் மெட்டல் குழுவான சிக்ஸ் ஃபீட் அண்டர், ஏசி/டிசி என்ற ராக் குழுவின் 1980ஆம் ஆண்டு 'பேக் இன் பிளாக்' ஆல்பம் முழுவதையும் 2004இல் திரும்ப வாசித்தது.

சரி, சொல்லுக்கு வருவோம். நகல் பாட்டு என்றால் திட்டுவது போல இருக்கிறது. தழுவல் என்றதும் சினிமாக் கதைத் திருட்டு நினைவுக்கு வருகிறது. மறுபாடல், மீள்பாடல் இரண்டும் புழங்கத் தகுந்தவைதான். ஆனால் ஒருவர் தன் பாட்டையே இரண்டாம் முறை பாடினாலும் அதே பெயர்தானே?

நன்னூல் நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரிக்கிறது. முன்னோர் நூலின் முடிவோடு ஒத்துப்போய், பின்னால் வந்தவன் தனக்கு வேண்டிய 'விகற்பம்' சொல்வது வழிநூல். விகற்பம் என்றால் வேறுபாடு. பிளாஸ்ட் பீட்டைவிடப் பெரிய விகற்பம் உண்டா? அதனால் மூலப் பாட்டு முதற்பாடல், கவர் வழிப்பாடல், கவர் ஆல்பம் வழிப்பாடல் தொகுப்பு. அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

போஸ்டரின் முதல் வரைவு குடும்ப வாட்ஸ்அப்பில் வந்தது. மருமகன் தட்டும்போது 'ப்' விழுந்துவிட்டது: 'வழிபாடல் தொகுப்பு'. என் அம்மா உடனே குரல் பதிவு அனுப்பினார். பேரன் ஒருவழியாக பக்திப் பாட்டு பண்ணுகிறானாம், சிடி வந்ததும் கோயிலுக்கு ஒன்று கொடுக்க வேண்டுமாம்.