வீட்டுப்பாடம் செய்யாவிட்டாலும் வகுப்புக்கு வாருங்கள்

உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் திறன் பயிற்சிக் குழுவுக்கு முதல் நாள் வருபவர்கள் பெரும்பாலும் கதவருகே இருக்கும் நாற்காலியைத்தான் தேடுவார்கள். "எல்லார் முன்னாடியும் என் கதையைச் சொல்லணுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். வேண்டியதில்லை. இங்கே நடப்பது ஒரு வகுப்பு. பலகை இருக்கும், பயிற்சித்தாள் இருக்கும், வீட்டுப்பாடமும் இருக்கும்.

டிபிடி (DBT) எனப்படும் இயங்கியல் நடத்தைச் சிகிச்சை என்ற உளவியல் சிகிச்சையின் ஒரு பகுதி இது. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கியது. தற்கொலை எண்ணமும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கமும் உள்ளவர்களுக்காகத் தொடங்கியது. 1993-ல் அதன் கையேடுகள் வெளிவந்தன. இளம் வயதில் தானும் இதே வேதனையோடு மனநல மருத்துவமனையில் இருந்ததை 2011-ல் லினஹன் வெளிப்படையாகச் சொன்னார். குழுவில் இதைச் சொல்லும்போது, அதுவரை குனிந்திருந்த சிலர் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

"கொஞ்சம் கட்டுப்படுத்திக்கக் கூடாதா?" என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டு நொந்தவர்கள் இவர்கள். சிலருக்கு இயல்பிலேயே உணர்ச்சி சட்டென்று கிளம்பும், வேகமாக ஏறும், தணிய நெடுநேரம் பிடிக்கும். அப்படிப்பட்ட குழந்தையிடம் "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்றே சுற்றியிருப்பவர்கள் சொல்லிக்கொண்டிருந்தால், தன் மனதில் எழுவதற்குப் பெயர் வைக்கக்கூட அது பழகாது. பெரியவரான பிறகு அவரைத் திட்டி என்ன பயன்? பழகாததைப் பழக்கித்தான் தர வேண்டும்.

வாரம் ஒருமுறை, சுமார் இரண்டரை மணி நேரம், இரண்டு பயிற்சியாளர்கள். இந்தக் கணத்தைக் கவனித்தல், நெருக்கடியைத் தாங்குதல், உணர்ச்சியைச் சீராக்குதல், உறவுகளில் பேசிப் பழகுதல் என நான்கு பாடங்கள். 24 வாரத்தில் ஒரு சுற்று முடியும். பலர் இன்னொரு சுற்றும் வருவார்கள்.

ஒவ்வொரு வகுப்பும் வீட்டுப்பாடத்தோடுதான் தொடங்கும். என் அனுபவத்தில் பாதி வேலை அங்கேதான் நடக்கிறது. ஒருவர் (அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன்) மூன்றாவது வாரம் வெறும் தாளோடு வந்து "மறந்துட்டேன்" என்றார். தாளைக் கையில் எடுத்தீர்களா என்று கேட்டேன். எடுத்தாராம். 'என்ன உணர்ச்சி?' என்ற முதல் கட்டத்திலேயே பேனா நின்றுவிட்டதாம். கோபம் என்று எழுத வெட்கம், வேறு சொல்லும் வரவில்லை. அப்போது எதிரே இருந்தவர், "எனக்கும் அந்தக் கட்டம்தான் பிரச்சினை. தொண்டை அடைக்குது, கை சூடா இருக்கு, அப்படின்னு உடம்புல தெரியறதை மட்டும் எழுதினேன்" என்றார். அடுத்த வாரம் அந்தத் தாளில் மூன்று சொற்கள் இருந்தன. நான் பத்து முறை சொல்லியிருந்தாலும் இப்படி எடுபட்டிருக்காது.

உச்சக்கட்டத் தவிப்புக்கென்று ஒரு திறன் உண்டு: மூச்சைப் பிடித்துக்கொண்டு குளிர்ந்த நீரில் முகத்தை அரை நிமிடம் அமிழ்த்துவது. இதயத்துடிப்பு குறையும், கொதிப்பும் கொஞ்சம் அடங்கும். பிரச்சினை அப்படியேதான் இருக்கும், ஆனால் அடுத்த பத்து நிமிடத்தைக் கடந்துவிடலாம். இதய நோயோ உணவு உண்ணுதல் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

காயப்படுத்திக்கொண்ட விதத்தைக் குழுவில் விவரிக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி, ஏனென்றால் கேட்பவருக்கும் அந்த உந்துதல் கிளம்பலாம். அதைத் தனிச் சிகிச்சையாளரிடம் பேச வேண்டும். தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்குக் குழு மட்டும் போதாது. இப்போதே ஆபத்து என்றால் வகுப்பு வரை காத்திருக்காமல் அவசர உதவியை நாடுங்கள்.

அப்புறம், வீட்டுப்பாடம் செய்யவில்லை என்ற கூச்சத்தில் வராமல் நின்றுவிடுபவர்கள் உண்டு. தொடர்ந்து நான்கு வகுப்புகள் வராவிட்டால் அந்தச் சுற்றில் இடம் போய்விடும். அதனால் வெறும் தாளாக இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பேனா எந்தக் கட்டத்தில் நின்றது என்று பார்த்து, அங்கிருந்தே தொடங்குவோம்.