ஆவியெண்ணெய்: ‘எசென்ஷியல் ஆயில்’ தமிழில் என்ன?

மூலிகை எண்ணெய்கள் புற்றுநோயைக் குணப்படுத்துமா என்று எழுதுகிறவர்கள் பலர் ‘அத்தியாவசிய எண்ணெய்’ என்றே எழுதுகிறார்கள். செடியிலிருந்து வடித்தெடுக்கும் மணமுள்ள எண்ணெய்தான் எசென்ஷியல் ஆயில்; அந்தப் பெயரை அகராதி பார்த்து மாற்றியதால் வந்த வினை இது. அத்தியாவசியம் என்றால் இல்லாமல் முடியாதது. அத்தியாவசிய அமினோ அமிலம் என்பது சரி. உடலால் அதைத் தானே உண்டாக்க முடியாது, உணவிலிருந்துதான் வர வேண்டும். லாவெண்டர் எண்ணெய் உடலுக்கு அப்படித் தேவைப்படுவதே இல்லை. நோயில் தவிக்கும் ஒருவர் இந்தப் பெயரைப் படித்தால் என்ன நினைப்பார்?

இங்கே எசென்ஷியல் என்பது ‘எசென்ஸ்’ சார்ந்தது. லத்தீனில் எசென்ஷியா என்றால் ஒரு பொருளின் உள்ளியல்பு. நிலம், நீர், தீ, காற்று நான்கையும் தாண்டி ஐந்தாவதாக ஒன்றைப் பிரித்தெடுக்கலாம் என்று நம்பிய ஐரோப்பிய ரசவாதிகள் அதை ‘குவின்டா எசென்ஷியா’ என்றார்கள். மருந்தின் வீரியம் அதில்தான் இருக்கிறது என்பது 16ஆம் நூற்றாண்டு மருத்துவர் பாராசெல்சஸின் கருத்து. செடியை வடித்தெடுத்த மணமுள்ள எண்ணெய்க்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

சரி, தைலம் என்று சொல்லலாமா? யூகலிப்டஸ் எண்ணெயை அப்படிச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் தைலம் என்பது திலம், அதாவது எள்ளிலிருந்து வந்த சொல். எண்ணெய் என்பதும் எள் நெய்தான். சித்த மருத்துவத்தில் தைலம் என்பது பெரும்பாலும் மூலிகையை எண்ணெயில் காய்ச்சி எடுப்பது. அதன் அடிப்படை கொழுப்பு. வடித்தெடுத்த எண்ணெயில் கொழுப்பு இல்லை. காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் நல்லெண்ணெய்க் கறை அப்படியே நிற்கும். வடித்தெடுத்த எண்ணெய் பெரும்பாலும் பறந்துபோகும். வடிக்கும் கருவிக்குச் சித்தர் மரபில் ‘வாலை’ என்று பெயர். வாலையில் இறங்கும் நீர் தீநீர்; பெரும்பாலும் அதன்மேல் மிதப்பதுதான் நாம் பேசும் எண்ணெய்.

‘சார எண்ணெய்’ மூலத்துக்கு நெருக்கமான பெயர்தான். ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை. செடியின் மருத்துவ குணம் முழுவதும் சாரத்தில் இறங்கிவிட்டது என்ற எண்ணத்தை அது தரும். குந்திரிக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய் ஆய்வுகளில் அதிகம் பேசப்படும் போஸ்வெலிக் அமிலம் அதன் பிசினில் இருக்கிறது. கனமான மூலக்கூறு, நீராவியோடு ஏறி வராது. ஆல்ஃபா பைனீன் போன்ற இலேசான பொருள்கள்தான் வாலையில் வடியும். பிசினைப் பற்றிய ஆய்வைக் காட்டி எண்ணெயை விற்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

அதனால்தான் ஆவியெண்ணெய் என்கிறேன். ஆவியாகக்கூடியது மட்டுமே உள்ளே இருக்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிடும். நறுமண எண்ணெய் என்பதும் வழக்கில் இருக்கிறது, ஆனால் வாசனைத் திரவியம் கலந்த சாதாரண எண்ணெயையும் அப்படியே சொல்கிறார்கள்.

ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த புற்றுச் செல்களைப் பல ஆவியெண்ணெய்கள் கொல்கின்றன, உண்மைதான். தட்டில் ஊற்றும் செறிவை மனித இரத்தத்தில் கொண்டுவருவதுதான் சிக்கல். லாவெண்டர் போன்ற செடிகளில் உள்ள பெரில்லைல் ஆல்கஹாலை நோயாளிகளுக்கு வாய்வழி கொடுத்துச் சோதித்தார்கள். எதிர்பார்த்த பலன் வரவில்லை. தாவரத்திலிருந்து புற்றுநோய் மருந்து வந்ததே இல்லையா? வந்திருக்கிறது. நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின், யூ மரப் பட்டையிலிருந்து பாக்ளிடாக்சல். இரண்டுமே ஆவியெண்ணெயில் வரும் பொருள்கள் அல்ல.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், குணப்படுத்தக்கூடிய புற்றுநோய் இருந்தும் மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டால், இறப்பு அபாயம் 2.5 மடங்கு இருந்தது. மார்பகப் புற்றுநோயில் 5 மடங்குக்கும் மேல்.

சிகிச்சைக்கு நடுவே பதற்றமோ குமட்டலோ இருந்தால் மணத்தை முகர்வது சிலருக்கு ஆறுதல் தருகிறது. புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யலாம். குடிக்கக் கூடாது. யூகலிப்டஸ் ஆவியெண்ணெய் சில மில்லி உள்ளே போனாலே குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம்.