கடைமடைக்குப் பாயும் நீலம்

கும்பகோணத்திலிருந்து ஓர் ஓவிய ஆசிரியை எழுதியிருக்கிறார். கோடை விடுமுறை விட்டால் அவருக்கு அரசலாற்றங்கரைதான் வீடு. காலை ஆறு மணிக்கே மடக்கு நாற்காலியும் ஒரு சொம்புத் தண்ணீருமாகப் போய் உட்கார்ந்துவிடுவார். படித்துறை, வறண்ட மணல், மணல் நடுவே தேங்கிக் கிடக்கும் குட்டை என்று எல்லாம் நீர்வண்ணத்தில். இந்த மே மாதம் புது டியூபுகள் சில வாங்கிப் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார். தலைவலி அங்கேதான் தொடங்கியிருக்கிறது.

“சார், என் பழைய அல்ட்ராமரீன் நீலம் காய்ந்ததும் மணல் தூவினாற்போலப் பொரிப்பொரியாக நிற்கிறது. புதிதாக வாங்கிய தாலோ நீலம் பட்டுத்துணி மாதிரி வழவழவென்று காய்கிறது. ஆனால் எந்த நீலமானாலும் பத்து மணி வெயிலில் வாஷ் (தண்ணீர் நிறையக் கலந்த வண்ணப் பூச்சு) போட்டால் ஓரத்தில் கருநீலமாக ஒரு கோடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. மார்கழியில் இந்தத் தொல்லை இல்லை. எனக்குக் கற்றுக்கொடுத்தவர், ‘காவிரித் தண்ணியில கலக்கும்மா, அதுதான் ராசி’ என்பார். போன வருஷம் தண்ணீர் ஓடியபோது பிடித்து வைத்திருந்ததில் கலந்து பார்த்தேன். பொரி இன்னும் கூடிப்போனது. குற்றம் வண்ணத்திலா, வெயிலிலா, என் கையிலா?”

கையில் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீர்வண்ணம் என்பது நிறமித் தூள், அதைக் காகிதத்தோடு ஒட்டவைக்கும் பிசின், டியூபுக்குள் இறுகிப்போகாமல் இருக்கக் கொஞ்சம் தேனோ கிளிசரினோ. அவ்வளவுதான். பிசின் பெரும்பாலும் ஆப்பிரிக்காவில், குறிப்பாக சூடானில் வளரும் ஒரு வேல மரத்திலிருந்து வருகிறது. நம் கருவேலம் பிசினுக்குப் பங்காளி. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. நிறமி தண்ணீரில் கரைவதே இல்லை. சர்க்கரை கரையும், சாயம் கரையும், நிறமி மிதக்கும். புதுத்தண்ணீர் வரும்போது ஆற்றில் வண்டல் கலங்கி வருகிறதே, அப்படி.

வண்டல் என்றதும் டெல்டாக்காரர்களுக்குப் பாதி பதில் கிடைத்திருக்கும். ஆற்றின் வேகம் குறைந்தால் முதலில் மணல் படியும், களிமண் கடைசிவரை மிதந்து போகும். நிறமிகளிலும் அதே கதை. ஒரு துகள் நீரில் இறங்கும் வேகம் அதன் அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 5 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலமுள்ள ஓர் அல்ட்ராமரீன் மணியை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். விநாடிக்குச் சுமார் 20 மைக்ரான் இறங்கும். அரை மில்லிமீட்டர் ஆழமுள்ள வாஷில் அரை நிமிடத்துக்குள் தரை தட்டிவிடும். காகிதத்தின் குழிகளில் போய் உட்காரும். அதுதான் உங்கள் பொரி. 0.1 மைக்ரான் துகள் 50 மடங்கு சிறியது, ஆகவே 2,500 மடங்கு மெதுவாக இறங்கும். அதே ஆழத்துக்கு ஏறக்குறைய 18 மணி நேரம். அதற்குள் வாஷ் காய்ந்து, படம் முடிந்து, நீங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியும் எழுந்திருப்பீர்கள். தாலோ நீலம் இந்த நுண்துகள் ஜாதி. வழவழப்புக்குக் காரணம் அதுவே.

காவிரித் தண்ணீர் ‘ராசி’யையும் இங்கேயே முடித்துவிடலாம். நுண்துகள்கள் ஒரே வகை மின்னேற்றத்தைச் சுமந்து ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. தண்ணீரில் உப்பும் சுண்ணாம்புச் சத்தும் கூடினால் அந்தத் தள்ளல் மங்கிவிடும். துகள்கள் கட்டிகட்டியாகச் சேர்ந்து சீக்கிரம் படியும். பூம்புகாரில் ஆறு கடலோடு சேரும் இடத்தில் களிமண் திரண்டு படிவதற்கு உப்பும் ஒரு காரணம். பிடித்துவைத்த ஆற்றுத் தண்ணீரில் கொஞ்சம் களிமண்ணும் கொஞ்சம் உப்பும் இருந்திருக்கும், சில நிறமிகளுக்கு அது போதும். வேதாரண்யத்து ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் கலந்தால் பொரி இன்னும் அமோகமாக வரலாம். ராசி என்று சொல்லி வைத்துவிட்டால் ஏன் என்று கேட்கும் வழக்கமே நின்றுபோகிறது. எனக்கு அந்தச் சொல்மேல் உள்ள கோபம் அது ஒன்றுதான்.

இனி அந்தக் கோடு. உண்மையில் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

கும்பகோணத்தில் இருந்துகொண்டு இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. டபராவிலிருந்து ஒரு சொட்டு டிகாஷன் மேடைமேல் விழுகிறது. துடைக்க மறந்துவிடுகிறோம். காய்ந்தபின் பார்த்தால் நடுவில் வெளிர், சுற்றிலும் வளையம் போட்டாற்போலக் கரும்பழுப்பு. சொட்டு முழுக்க ஒரே டிகாஷன்தானே, தூள் எல்லாம் எப்படி ஓரத்துக்குப் போனது? எத்தனையோ தலைமுறை காபி குடித்த உலகம் இதை ஒழுங்காகக் கேட்டுப் பதில் சொன்னது 1997-இல். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகனும் சகாக்களும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்.

சொட்டின் விளிம்பு தரையின் சொரசொரப்பில் சிக்கிக்கொள்கிறது. இதை வரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சொட்டு காயக் காய உயரம் குறையும், வரப்பு மட்டும் நகராது. அடுத்து, ஆவியாதல் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் நடப்பதில்லை. சொட்டின் நடுவிலிருந்து கிளம்பும் நீராவிக்குப் பக்கத்திலெல்லாம் வேறு நீராவி, ஒரே கூட்டம். விளிம்பிலிருந்து கிளம்புவதற்கோ பக்கவாட்டில் காலியிடம். ஆகவே ஓரம்தான் வேகமாகக் காய்கிறது. இடிதாங்கியின் கூர்முனையில் மின்புலம் குவிவது பள்ளிப் பாடம். சொட்டைச் சுற்றி நீராவி பரவுவதற்கான சமன்பாடும் அந்த மின்புலச் சமன்பாடும் ஒன்றேதான். இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஓரத்தில் தண்ணீர் வேகமாகப் போகிறது, ஆனால் வரப்பு நகரக் கூடாது. அப்படியானால் இழந்த தண்ணீரை யாராவது ஈடுகட்டியாக வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓர் ஓட்டம் கிளம்புகிறது. கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால். வருகிற தண்ணீர் கையில் கிடைத்த துகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, தான் ஆவியாகி, துகளை வரப்பில் விட்டுவிட்டுப் போகிறது. நம் ஊரில் மேட்டூர் திறந்து எத்தனை நாள் ஆனாலும் பேராவூரணிப் பக்கத்துக் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று புகார் போகும். சொட்டுக்குள் கதை தலைகீழ். கடைமடைதான் அதிகம் குடிக்கிறது, அதனால் எல்லாம் கடைமடைக்கே பாய்கிறது.

இதில் இரண்டு நுட்பங்கள். முதலில் வந்து சேரும் துகள்களே வரப்பை உயர்த்திக் கட்டுகின்றன, அதனால் விளிம்பு இன்னும் உறுதியாக நிற்கிறது. ஆறு தன் வண்டலாலேயே கரை கட்டிக்கொள்கிற மாதிரி. இன்னொன்று, காய்ந்து முடியும் தறுவாயில் சொட்டு தகடாக மெலிந்துவிடுவதால், மிச்சத் தண்ணீர் குறுகிய வழியில் வேகமெடுத்து ஓடுகிறது. அதுவரை சோம்பலாக மிதந்த துகள்கள்கூடக் கடைசி நேரத்தில் ஓரத்துக்கு அடித்துக்கொண்டு ஓடுகின்றன, கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள் மாதிரி.

நம்பிக்கை இல்லாவிட்டால் டீகன் குழு செய்ததைச் செய்து பாருங்கள். சொட்டுக்கு மிக நெருக்கமாக ஒரு மூடியைக் கவிழ்த்து, நடுவுக்கு நேரே மட்டும் சிறு துளை விட்டார்கள். ஓரத்தில் ஆவி வெளியேற வழியில்லை, நடுவில்தான் வழி. வளையம் விழவில்லை. நான் பாட்டில் மூடியில் ஊசியால் துளையிட்டு முயன்றேன். மூன்று முறையில் ஒரு முறைதான் ஒழுங்காக வந்தது, வீட்டில் மேடை கறையானதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது மூன்று முறையும்.

2011-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பீட்டர் யங்கரும் அர்ஜுன் யோத் குழுவினரும் ஒரு வேடிக்கை செய்தார்கள். பிளாஸ்டிக் உருண்டைகளை இழுத்து நீட்டி, அரிசி மணி வடிவமாக்கிச் சொட்டில் போட்டார்கள். வளையம் காணாமல் போனது! நீண்ட துகள்கள் நீரின் மேற்பரப்பை நெளித்து, ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, வலை மாதிரி கைகோத்துக்கொண்டு நடுவிலேயே நின்றுவிட்டன. ஆகத் துகளின் வடிவத்துக்கும் இதில் பங்கு உண்டு.

சரி, மார்கழியில் ஏன் கோடு இல்லை? மெதுவாகக் காய்வதுதான் காரணம் என்று தோன்றும். பாதிதான் சரி. வரப்பு கெட்டியாக இருந்தால் சொட்டு மெதுவாகக் காய்ந்தாலும் வளையம் விழும். மார்கழிப் பனியில் காகிதமே ஈரம் இழுத்திருக்கும், வாஷின் எல்லை தாண்டியும் ஈரம் கசிந்து நிற்கும். தண்ணீர் வந்து முட்டி நிற்க ஒரு கூரான வரப்பே இல்லை. காய்வதற்குள் ஓரத்தை ஈரத் தூரிகையால் தடவிவிட உங்களுக்கும் நேரம் இருக்கிறது. மே மாதத்துப் பத்து மணி வெயிலில் காகிதம் அப்பளம் மாதிரி காய்ந்து கிடக்கிறது. தூரிகை நின்ற இடமே வரப்பு.

எனவே வரப்பை வெட்டிவிடுங்கள். வாஷ் போடுமுன் அந்த இடத்தைத் தாண்டி ஒரு விரலகலம் வெறும் தண்ணீரால் நனையுங்கள். கடைகளில் கிடைக்கும் மாட்டுப் பித்தநீர் இரண்டு சொட்டு விட்டாலும் நீரின் பரப்பு இழுவிசை குறைந்து வாஷ் சீராகப் பரவும். டியூபில் பெயரைப் பார்க்காதீர்கள், நிறமி எண்ணைப் பாருங்கள். பி.பி.29 என்றால் அல்ட்ராமரீன், பி.பி.15 என்றால் தாலோ. பெயர் விற்பனைக்காரர் வைப்பது, எண் நிறமிக்கு உரியது.

நீலம் பற்றிப் பேசும்போது ஒருவரைச் சொல்லாமல் விட மனமில்லை. சென்னையில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற மாஸ் சுப்பிரமணியன். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2009-இல் மின்னணுக் கருவிகளுக்கான காந்தப் பொருள் ஒன்றைத் தேடி இட்ரியம், இண்டியம், மாங்கனீசு ஆக்சைடுகளைக் கலந்து சுமார் 1,200 டிகிரி உலையில் வைத்திருந்தார்கள். வெளியே வந்தது, யாரும் எதிர்பார்க்காத பளீர் நீலம். இன்று அது ‘யின்மின் நீலம்’ என்று ஓவியக் கடைகளில் கிடைக்கிறது. இண்டியம் விலையால் டியூப் விலை கண்ணைக் கட்டும், ஆசிரியை வாங்க வேண்டாம். நம் ஊரில் ஆராய்ச்சிப் பணத்துக்கு ஒரு விண்ணப்பம் போட்டால் முதல் பக்கத்திலேயே ‘இதனால் என்ன பயன்?’ என்று கட்டம் இருக்கிறது. காபிக் கறையை ஆராயப் போகிறேன் என்று அதில் எழுதினால் பணம் வருமா? இன்று இங்க்ஜெட் அச்சில் மை சீராகக் காய வேண்டும் என்று தவிக்கிறவர்கள் படிப்பது அந்தக் காபிக் கறைக் கட்டுரையைத்தான்.

ஆசிரியைக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தூரிகை அலசுகிற தண்ணீரை இரண்டு கண்ணாடி டம்ளரில் எடுங்கள், ஒன்றில் அல்ட்ராமரீன், ஒன்றில் தாலோ. ராத்திரி முழுக்க அசையாமல் வைத்து, காலையில் ஆற்றங்கரைக்குக் கிளம்புமுன் அடியில் என்ன படிந்திருக்கிறது, மேலே என்ன நிறம் என்று பார்த்து எழுதுங்கள். ஜூன் பன்னிரண்டில் மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் கும்பகோணம் வந்தால் மூன்றாவது டம்ளராக அதையும் பக்கத்தில் வையுங்கள்.