பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு முடி அளவு

சென்ற சித்திரையில், ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள் என் பழைய புல்லட்டின் என்ஜின் இறுகி நின்றுவிட்டது. வேலூருக்குக் கொண்டுவந்து வீட்டுத் தாழ்வாரத்தில் பிரித்தபோது, பிஸ்டனின் ஸ்கர்ட் எனப்படும் பக்கச்சுவரில் நான்கு இடங்களில் மட்டும் செங்குத்தான கீறல்கள் இருந்தன. என்ன நடந்தது என்பதை அந்த நான்கு கீறல்களே சொல்லிவிட்டன.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்து, 1955இல் சென்னைக்கு வந்த ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் இந்த என்ஜினில், சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 சிசி. சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. பிஸ்டனோ அலுமினியக் கலவை. 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள வார்ப்பிரும்பு 100 டிகிரி சூடேறினால் சுமார் 0.08 மில்லிமீட்டர் விரியும். அதே அளவு அலுமினியம் சுமார் 0.15 மில்லிமீட்டர் விரியும். ஆகவே இரண்டும் ஒன்றாகச் சூடேறினாலே, நடுவிலுள்ள இடைவெளியில் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன் குறைந்துவிடுகிறது. உண்மையில் நெருப்பை நேரடியாகத் தாங்கும் பிஸ்டன் சிலிண்டரைவிட அதிகமாகச் சூடேறுவதால், இடைவெளி இன்னும் சுருங்கும். முன்பு சிலிண்டரைப் போர் செய்தபோது, அதாவது அதன் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கியபோது, இறுக்கமாக இருந்தால் சத்தம் வராது என்று நம்பி, 0.05 மில்லிமீட்டர் இடைவெளி போதும் என்று நானே கேட்டு வாங்கியிருந்தேன்.

கீறல்கள் ஏன் நான்கு? பிஸ்டனைக் கனெக்டிங் ராடு என்ற தண்டுடன் இணைக்கும் கட்ஜன் பின்னைத் தாங்கும் இரு பக்கங்களிலும் உலோகம் தடிமனாக இருப்பதால் அங்கே விரிவும் அதிகம். அதற்காகவே பிஸ்டனைச் சரியான வட்டமாகக் கடையாமல், கட்ஜன் பின் இருக்கும் திசையில் சற்றே ஒடுக்கி நீள்வட்டமாகக் கடைகிறார்கள். வெப்பம் அந்த ஒடுக்கத்தையும் மீறும்போது, பின்னின் ஒவ்வொரு முனைக்கும் இருபுறத்திலும் உள்ள தோள்கள் சிலிண்டரில் உரசுகின்றன.

வேலூரின் வெயிலுக்கும் இதில் பங்குண்டு. காற்றால் குளிரும் என்ஜின், தன் சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்கும் சுற்றுக் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைக் கொண்டே சூட்டை வெளியேற்றுகிறது. தகடு 160 டிகிரியில் இருக்கிறது என்று கொள்வோம். 15 டிகிரிக் காற்றில் அந்த வேறுபாடு 145. நம்முடைய 42 டிகிரியில் 118தான். வெளியேறும் வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. மலையேற்றத்திலோ, வேகம் குறைவதால் காற்றோட்டமும் குறைந்து, சுமை மட்டும் கூடுகிறது.

கனெக்டிங் ராடை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. எனவே அது சுழற்றும் கிராங்க் தண்டைத் தொடவில்லை. சிலிண்டரைப் போர் செய்யும் முன்பே சற்றே பெரிய அளவான ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கி லேத் பட்டறையில் கொடுத்துவிட வேண்டும். பிஸ்டனை அளந்துதான் துளையைக் கடைய வேண்டும். இம்முறை 0.09 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொன்னேன். கடைந்தபின் உட்சுவரைத் தீட்டும் ஹோனிங் கல் விட்டுச் செல்லும் குறுக்கும் நெடுக்குமான கோடுகள் எண்ணெயைப் பிடித்துவைப்பவை. அவற்றைத் தேய்த்து மழமழப்பாக்கிவிடக் கூடாது.

பிஸ்டனைச் சுற்றி அமர்ந்து சிலிண்டர் சுவரோடு ஒட்டி அடைக்கும் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்கும் இதே கணக்குத்தான். ரிங்கைத் தனியே சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, ஃபீலர் கேஜ் எனும் மெல்லிய அளவுத் தகட்டால் அளக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 0.1 என்பது பழைய விதி, நமக்கு 0.28 வருகிறது. இது வெறும் வழக்கமன்று. ரிங்கின் சுற்றளவு 220 மில்லிமீட்டர். சிலிண்டரைவிட அது 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 0.24 மில்லிமீட்டர் நீளும். அந்த இடைவெளி இல்லையென்றால் முனைகள் முட்டி, ரிங் உடையும்.

வாலாஜா வரை போய்வரும் அதிகாலை ஓட்டங்களில், நடுநடுவே நிறுத்தி ஆறவிட்டு, 800 கிலோமீட்டர் பழக்கினேன். பிறகு ஏலகிரியின் 14 வளைவுகளையும் நிற்காமல் ஏறி இறங்கி, வீட்டில் மீண்டும் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன். ஹோனிங் கோடுகள் அப்படியே இருந்தன. பிஸ்டனின் முன்னும் பின்னும் மங்கிய சாம்பல் நிறப் பட்டை சீராகப் படிந்திருந்தது. நான்கு தோள்களிலும் ஒரு கீறலும் இல்லை.